34-ஆம் ஊசி சொல்லும் பொய்

பச்சைத் திரையில் ஒரு வரி வந்து நிற்கிறது: "டிரைவ் ஏ: டிஸ்க் மிஸ்ஸிங்". அதன் கீழே இன்னொன்று: "ரீட்ரை, இக்னோர் ஆர் கேன்சல்?" டிஸ்க் காணவில்லையாம். ஆனால் டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது. அதன் விளிம்பை விரலால் தொட்டுப் பார்க்கலாம். ஆர் எழுத்தைத் தட்டினால் உள்ளே ஏதோ முனகுகிறது, சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறது, மறுபடியும் அதே வரி.

இந்தச் செய்தியைச் சொல்வது ஆம்ஸ்ட்ராட் சிபிசி 6128 என்ற வீட்டுக் கணினி. 1985-இல் வந்தது. பிரிட்டனில் பிறந்தாலும் பிரான்சிலும் ஸ்பெயினிலும் பெயரெடுத்தது. ஜெர்மனியில் ஷ்னைடர் என்ற பெயர்ப்பலகையோடு விற்றது. பழங்கணினிப் பிரியர்கள் இன்றும் அதைத் தூசி தட்டி ஓட்டுகிறார்கள். ஓட்ட முயலும் பலரும் முதலில் முட்டிக்கொள்வது இந்த டிரைவில்தான். கணினியின் மூளையான இசட்-80 சில்லு நாற்பது வருடம் ஆகியும் சளைக்காமல் வேலை செய்யும். சுற்றுகிற, நகர்கிற, உரசுகிற பாகம் எதுவோ அதுதான் முதலில் சாகும். மிக்ஸியிலும் அப்படித்தான், மின்விசிறியிலும் அப்படித்தான்.

'சேமி' பொத்தானில் இருக்கும் சதுரப் படமாக மட்டுமே ஃபிளாப்பியை அறிந்தவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். காந்தப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டம் ஒன்று உறைக்குள் இருக்கும். டிரைவ் அதை நிமிடத்துக்கு 300 முறை சுழற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. படிக்கும் தலை ஒன்று ஸ்டெப்பர் மோட்டார் தள்ளத் தள்ள 'டக் டக்' என்று படிப்படியாக உள்ளும் புறமும் நகரும். தலை நிற்கும் ஒவ்வொரு படியிலும் வட்டமாக ஒரு தடம். 6128-இன் டிரைவில் 40 தடங்கள், தடத்துக்கு 9 துண்டுகள், துண்டுக்கு 512 பைட்டுகள். பெருக்கிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 180 கிலோபைட். அதில் 2 கிலோபைட் பெயர்ப்பட்டியலுக்குப் போக, மிச்சம் 178. இன்று கணினியில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் ஆகிறது. இந்தக் கட்டுரையைப் போல மூன்று கட்டுரைகள் அடங்கும், ஐந்து அடங்காது.

ஆம்ஸ்ட்ராட்டைத் தொடங்கிய ஆலன் சுகர் கடைக்காரப் புத்திக்காரர். நிறுவனத்தின் பெயரே ஆலன் மைக்கேல் சுகர் டிரேடிங் என்பதன் சுருக்கம்தான். மற்றவர்கள் கணினியைத் தனியாக விற்று, தொலைக்காட்சிப் பெட்டியோடு நீங்களே இணைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்ட காலத்தில், இவர் திரையையும் சேர்த்தே விற்றார். மின்சப்ளையைத் திரைக்குள்ளேயே வைத்தார். சுவரில் ஒரே ஒரு பிளக் செருகினால் போதும். திரையிலிருந்து கணினிக்கு 5 வோல்ட் ஒரு வயரிலும், டிரைவுக்கு வேண்டிய 12 வோல்ட் இன்னொரு வயரிலும் வரும். இந்த 12 வோல்ட் கொஞ்ச நேரத்தில் வில்லனாகத் திரும்பி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவைத் தேர்ந்தெடுத்ததிலும் அவருடைய கணக்கு ஒன்று இருந்தது. அப்போது சோனியின் மூன்றரை அங்குல டிஸ்க் மேலேறிக்கொண்டிருந்தது; மேக்கின்டாஷ், அட்டாரி எஸ்டி, அமிகா எல்லாம் அதைத்தான் எடுத்தன. சுகர் எடுத்ததோ ஹிட்டாச்சி, மாக்செல், மாட்சுஷிட்டா கூட்டணியின் 3 அங்குல டிஸ்க். கெட்டியான உறை, புரட்டிப் போட்டால் மறுபக்கம், மலிவான டிரைவ். தொழில்நுட்பமாக மோசமான பொருள் என்று சொல்லிவிட முடியாது. உறையின் உறுதியில் மூன்றரை அங்குலத்தையே மிஞ்சும். ஆனால் ஆம்ஸ்ட்ராட்டைத் தவிர்த்தால் அதை எடுத்தவர்கள் மிகச் சிலரே. 1986-இல் சின்கிளேர் நிறுவனத்தின் கணினித் தொழிலை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய சுகர், மறுவருடம் வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ் 3-இலும் இதே டிரைவைப் பொருத்தினார். ஊரோடு ஒத்துப் போகாத வடிவத்தின் கதி தெரிந்ததுதானே. இன்று 3 அங்குல டிஸ்க் தேடிப் பிடித்து வாங்க வேண்டிய அரும்பொருள். மூன்றரை அங்குல டிஸ்க்கும் டிரைவும் பழைய பிசியின் வயிற்றைக் கிழித்தால் கிடைக்கும்.

டிரைவையே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. அதற்கு முன் ஒரு காரியம். பழைய டிரைவைக் கவிழ்த்துப் பெல்ட்டைப் பாருங்கள். இந்த டிரைவ்களில் மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றுவதில்லை. நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். வீட்டில் டேப்ரெக்கார்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பெல்ட்டின் வயோதிகம் தெரியும். ஒன்று, தொளதொளவென்று நழுவும். இல்லை, உருகித் தாராக ஒட்டிக்கொள்ளும். பெல்ட் நழுவினால் தட்டு சுழலாது. தட்டு சுழலாவிட்டால் டிஸ்க் இருப்பதாகவே டிரைவ் ஒப்புக்கொள்ளாது. "டிஸ்க் மிஸ்ஸிங்" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். கறுப்புப் பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுப் பெல்ட் மாட்டினால் பல டிரைவ்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். எழாதவற்றுக்கும், டிஸ்க் வாங்கி மாளாதவர்களுக்கும்தான் மாற்று டிரைவ்.

மாற்று டிரைவ் இணையுமா? பெருமளவு இணையும். காரணம் 1976-இல் இருக்கிறது. ஷுகார்ட் அசோசியேட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் எஸ்ஏ400 என்ற ஐந்தேகால் அங்குல டிரைவை அந்த வருடம் கொண்டுவந்தது. அதன் பின்னால் 34 முனைகள். அதற்குப் பின் வந்தவர்கள் அந்த ஏற்பாட்டையே கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பின்பற்றினார்கள். பிசியின் மூன்றரை அங்குல டிரைவின் முதுகில் இருக்கும் 34 ஊசிகளும் அந்த வம்சம்தான். 6128-இன் பின்புறம் இரண்டாவது டிரைவுக்கென்று ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். அதுவும் அதே வம்சம். உள்ளே இருக்கும் 3 அங்குல டிரைவ்களில் மட்டும் 26 ஊசி கொண்ட ரகமும் உண்டு. அதற்கு நடுவில் ஒரு சிறு மாற்றுப் பலகை வேண்டும்.

34 என்று மலைக்க வேண்டாம். ஒற்றைப்படை எண் கொண்ட 17 ஊசிகளும் வெறும் கிரவுண்ட். சேதி போவதும் வருவதும் இரட்டைப்படையில்தான். ரிப்பன் கேபிளில் ஒவ்வொரு சேதிக் கம்பிக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கம்பி ஓடுவது, ஒரு கம்பியின் இரைச்சல் அடுத்ததில் ஏறாமல் இருக்கத்தான். இந்தப் பேச்சுக்கு ஒரு தலைகீழ் இலக்கணம் உண்டு: கம்பியில் அழுத்தம் இருந்தால் 'இல்லை' என்று அர்த்தம், கிரவுண்டோடு சேர்த்து இறக்கினால் 'ஆம்'. மோட்டாரை ஓட்ட 16-ஐ இறக்கு, தலையை ஒரு படி நகர்த்த 20-ஐ ஒருமுறை இறக்கி விடு, படித்தது 30-இல் வரும். கிணற்றில் வாளியை இறக்கினால்தான் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இலக்கணத்தால் ஒரு வேடிக்கையும் உண்டு. கேபிளைத் திருப்பிப் போட்டு மாட்டிவிட்டால் கிரவுண்ட் ஊசிகள் எல்லாம் சேதிக் கம்பிகளின் மேல் போய் உட்காரும். எல்லாக் கட்டளைக்கும் ஒரே நேரத்தில் 'ஆம்' என்றாகி, டிரைவின் விளக்கு மின்சாரம் வந்த கணத்திலிருந்து அணையாமல் எரியும். அணையாத விளக்கைக் கண்டால் வேறெதையும் யோசிக்காமல் கேபிளைக் கழற்றித் திருப்புங்கள். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது.

அடுத்தது, யாரைக் கூப்பிடுகிறோம் என்ற பிரச்சினை. ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் தொங்கும்போது, 10-ஆம் ஊசியை இறக்கினால் முதல் டிரைவ் காது கொடுக்க வேண்டும். 12-ஐ இறக்கினால் இரண்டாவது. டிரைவில் ஒரு சிறு ஜம்பரை மாற்றி 'நீ முதல்வன், நீ இரண்டாமவன்' என்று சொல்லி வைப்பதுதான் பழைய முறை. ஐபிஎம் பிசி வந்தபோது அந்த வேலையையும் மிச்சப்படுத்தினார்கள். எல்லா டிரைவையும் இரண்டாமவனாகவே வைத்துவிட்டு, கேபிளில் 10 முதல் 16 வரையிலான கம்பிகளை மட்டும் வெட்டி ஒரு முறுக்கு முறுக்கினார்கள். முறுக்குக்கு அப்பால் இருப்பவன் ஏ, இப்பால் இருப்பவன் பி. பிசி கேபிளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அந்த விசித்திர முறுக்கு இதற்குத்தான். நாளடைவில் செலவைக் குறைக்க, டிரைவிலிருந்த ஜம்பரையே எடுத்துவிட்டார்கள். ஆகவே பிசி டிரைவ் என்றால் பிறவியிலேயே இரண்டாமவன்.

6128-இன் பின்பக்க வாயில் மாட்டும்போது இந்தப் பிறவிக் குணம் அதிர்ஷ்டமாகிவிடுகிறது. அந்த வாய் இரண்டாவது டிரைவுக்கானது. அது கூப்பிடுவது 12-ஆம் ஊசியை. முறுக்கில்லாத நேர் கேபிள் போதும். முறுக்கு கேபிளை மாட்டினால் டிரைவ் பேச்சுமூச்சற்றுக் கிடக்கும், விளக்குகூட எரியாது. பழைய டிரைவைக் கழற்றிவிட்டு உள்ளே ஏ-யாகவே பொருத்த நினைப்பவர்கள், கணினியின் 10-ஆம் கம்பியை டிரைவின் 12-க்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முதல் முறை செய்பவர் வெளியே பி-யாக மாட்டிப் பழகுவதே மேல். ஆனால் பல விளையாட்டுகள் ஏ-யிலிருந்துதான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கும். அதனால்தான் அனுபவஸ்தர்கள் ஏ-யையும் பி-யையும் இடம் மாற்ற ஒரு சுவிட்சைப் பெட்டியில் துளைபோட்டுப் பொருத்துகிறார்கள்.

இனி 34-ஆம் ஊசி. தமிழில் 'நாற்றம்' என்ற சொல் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று ஒருவரிடம் போய் உங்கள் மேல் நல்ல நாற்றம் என்று சொல்ல முடியாது. சொல் அதே சொல், பொருள் தலைகீழ். 34-ஆம் ஊசிக்கு நடந்ததும் அதுதான்.

ஆம்ஸ்ட்ராட்டில் அந்த ஊசி 'தயார்' என்ற சேதியைச் சுமக்கிறது. உள்ளே டிஸ்க் இருக்கிறது, சரியாகச் சுழல்கிறது, படிக்கலாம் என்று டிரைவ் சொல்ல விரும்பினால் 34-ஐ இறக்கும். கணினியில் இருக்கும் என்இசி 765 என்ற ஃபிளாப்பிக் கட்டுப்பாட்டுச் சில்லு அந்தச் சேதி வராமல் ஒரு துண்டைக்கூடப் படிக்காது. பிசி உலகம் இந்தச் சேதியைக் கைவிட்டது. அங்கே தேவைப்பட்டது வேறு தகவல்: யாராவது டிஸ்க்கை உருவி எடுத்துவிட்டார்களா? அதற்காக அதே 34-ஆம் ஊசியை எடுத்து 'டிஸ்க் மாறிவிட்டது' என்ற பொருளைக் கொடுத்தார்கள். டிஸ்க்கை உருவியதும் டிரைவ் 34-ஐ இறக்கும். புது டிஸ்க் போட்டுத் தலை ஒரு படி நகர்ந்ததும் ஏற்றிவிடும்.

இப்போது இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். டிஸ்க் இல்லாதபோது பிசி டிரைவ் 34-ஐ இறக்குகிறது. ஆம்ஸ்ட்ராட் அதைத் 'தயார்' என்று எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் போட்டதும் டிரைவ் அதை ஏற்றுகிறது. ஆம்ஸ்ட்ராட் 'டிஸ்க்கே இல்லையே' என்கிறது. இல்லாதபோது இருக்கிறது, இருக்கும்போது இல்லை. டிரைவிலும் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை. தூக்கிப் போட்ட எத்தனையோ நல்ல டிரைவ்களுக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வைத்தியம் எளிது, நேர்மையானது அல்ல. ரிப்பன் கேபிளின் கடைசிக் கம்பி 34. அதை டிரைவுக்குப் போகும் வழியில் வெட்டுங்கள். கணினிப் பக்கம் மிஞ்சிய நுனியை, பக்கத்துக் கம்பியான 33-ஓடு சேர்த்துச் சால்டர் வையுங்கள். 33 ஒற்றைப்படை, ஆகவே கிரவுண்ட். கிரவுண்டோடு சேர்ந்தால் 'ஆம்'. இனி எப்போது கேட்டாலும் 'தயார், தயார்' என்ற ஒரே பதில். கேள்வி கேட்காமல் ஆஜர் சொல்லும் மாணவனை வகுப்பில் வைத்துக்கொண்ட மாதிரி.

அந்த மாணவன் வராத நாளிலும் ஆஜர் விழும் என்பதுதான் இதன் விலை. டிரைவில் டிஸ்க் போடாமலே பட்டியல் கேட்டால், முன்பு "டிஸ்க் மிஸ்ஸிங்" என்று சொன்ன கணினி இப்போது நம்பிக்கையோடு படிக்கப் போகும். தட்டு ஒரு சுற்றை முடிக்கும்போதெல்லாம் வரவேண்டிய துடிப்புக்காக அந்த 765 சில்லு காத்திருக்கும். டிஸ்க் இல்லை, துடிப்பும் இல்லை, காத்திருப்புக்கு முடிவும் இல்லை. ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் செருகும்வரை கணினி உறைந்து நிற்கும். 'தயார்' கம்பி எல்லா டிரைவுக்கும் பொது என்பதால், உள்ளே இருக்கும் ஏ-யும் இந்தப் பொய்யில் பங்காளியாகிவிடும். இது பிடிக்காதவர்கள், வேண்டும்போது மட்டும் 34-ஐக் கிரவுண்டோடு சேர்க்க ஒரு சிறு சுவிட்ச் வைத்துக்கொள்கிறார்கள். சில பழைய மூன்றரை அங்குல டிரைவ்களின் பலகையில் ஆர்டிஒய், டிசி என்று இரண்டு இடங்கள் குறித்திருக்கும். சால்டர் பொட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் டிரைவ் பழைய பாஷைக்கே திரும்பி உண்மையான 'தயார்' சொல்லும். அப்படி ஒரு டிரைவ் கிடைத்தால் விடாதீர்கள்.

சேதிக் கம்பிகளில் தவறு செய்தால் டிரைவ் ஊமையாகும், அவ்வளவுதான். மின்சாரக் கம்பியில் தவறு செய்தால் டிரைவ் செத்துவிடும். மூன்றரை அங்குல டிரைவுக்கு மின்சாரம் தரும் வெள்ளைச் செருகி நான்கு ஊசி கொண்டது: ஓரத்தில் 5 வோல்ட், நடுவில் இரண்டு கிரவுண்ட், மறு ஓரத்தில் 12 வோல்ட். ஆம்ஸ்ட்ராட்டின் 3 அங்குல டிரைவுக்குப் போகும் செருகியும் பார்வைக்கு அச்சு அசல் அதேதான். ஆனால் 5-உம் 12-உம் இடம் மாறியிருக்கின்றன. அழகாகப் பொருந்தும், இறுக்கமாக உட்காரும், கணினியை ஓட்டியதும் 5 வோல்ட்டுக்கான சில்லுகளின் தலையில் 12 வோல்ட் இறங்கும். பழைய டிரைவின் செருகியை உருவிப் புது டிரைவில் மாட்டுவது எவருக்கும் இயல்பாக வரும் காரியம் என்பதால்தான் இது இவ்வளவு கொடூரமான பொறி.

ஆகவே மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். செருகியை டிரைவில் மாட்டுவதற்கு முன் கணினியை ஓட்டி, கறுப்பு முனையை நடு ஊசியிலும் சிவப்பு முனையை ஓர ஊசியிலும் வைத்து அளந்து, எது 5 எது 12 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். பிற்கால மூன்றரை அங்குல டிரைவ்களில் பெரும்பாலானவற்றுக்கு 12 வோல்ட் தேவையே இல்லை. 5-ஐயும் கிரவுண்டையும் மட்டும் இணைத்து, 12 வோல்ட் வயரின் நுனியில் டேப் சுற்றி ஓரங்கட்டிவிடலாம். வெளியே பி-யாக மாட்டுபவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. பின்பக்க வாய் மின்சாரம் தருவதில்லை, டிரைவுக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் சப்ளை வைத்தாக வேண்டும்.

டிஸ்க்கிலும் ஒரு நுணுக்கம் மிச்சமிருக்கிறது. கடைசிக் காலத்தில் பரவலாக விற்ற 1.44 மெகாபைட் டிஸ்க்கின் உறையில் இரண்டு மூலையிலும் ஓட்டை இருக்கும். ஒன்று எழுதத் தடை. மற்றது 'நான் அதிக அடர்த்தி' என்று டிரைவுக்குக் காட்டும் அடையாளம். அதைப் பார்த்ததும் டிரைவ் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். ஆம்ஸ்ட்ராட்டோ விநாடிக்கு 2,50,000 பிட் என்ற தன் பழைய நிதானத்திலேயே எழுதும். இருவருக்கும் ஒத்துவராது. ஓட்டை இல்லாத 720 கிலோபைட் டிஸ்க்தான் இதற்குரியது. கிடைக்காவிட்டால் ஓட்டையின் மேல் டேப் ஒட்டலாம். ஆனால் அந்தப் பூச்சின் காந்தக் குணமே வேறு. இன்று எழுதியதை அடுத்த வருடம் படிக்க முடியும் என்று நம்பி முக்கியமான எதையும் அதில் வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்தது. டிஸ்க்கைச் செருகி, பி-க்கு மாறி, வடிவமைத்து, கேட் என்ற கட்டளையைத் தட்டுங்கள். ஒரு விசேஷம் கவனிப்பீர்கள்: பி-யைக் கூப்பிட்டாலும் ஏ-யின் மோட்டாரும் சேர்ந்து சுழலும். மோட்டார் கம்பி ஒன்றே ஒன்று என்பதால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில்தான் ஓட்டம். பயப்பட ஒன்றுமில்லை. திரையில் "178கே ஃப்ரீ" என்று வந்தால் வெற்றி. 720 கிலோபைட் கொள்ளும் டிஸ்க்கில் 178 மட்டும்தானா என்றால், ஆம். ஆம்ஸ்ட்ராட்டின் ஆம்ஸ்டாஸ் மென்பொருளுக்கு 40 தடமும் ஒரு பக்கமும் மட்டுமே தெரியும். புது டிரைவில் 80 தடமும் இரண்டு பக்கமும் இருப்பதை அது அறியாது. பாராடாஸ் போன்ற மாற்று ரோம்களைப் பொருத்தினால் மீதியும் கைக்கு வரும்.

இத்தனை பாட்டுக்கும் பொறுமை இல்லாதவர்கள் இப்போது கோடெக் என்ற சிறு பெட்டியை நாடுகிறார்கள். பார்க்க மூன்றரை அங்குல டிரைவ் மாதிரியே இருக்கும். டிஸ்க் செருகும் இடத்தில் யூஎஸ்பி வாய். ஃபிளாப்பியை விட முடியாத தையல்பூ இயந்திரங்களுக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் தோதாக வந்த பொருள் அது. கீர் ஃபிரேசர் எழுதிய ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால், ஒரு பென் டிரைவில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளின் பிரதிகளை வைத்துப் பொத்தானைத் தட்டித் தட்டி மாற்றிக்கொள்ளலாம். 5 வோல்ட் மட்டுமே கேட்கும். 34-ஆம் ஊசி எந்தப் பாஷை பேச வேண்டும் என்பதைக்கூட ஒரு வரி எழுதித் தீர்மானிக்கலாம். வெட்டவும் வேண்டாம், சால்டரும் வேண்டாம்.

ஒரே குறை, சத்தமே போடாது. விளையாட்டு ஏறும்போது தலை நகரும் அந்த 'டக் டக்' இல்லாமல், கணினி வேலை செய்கிறதா தூங்குகிறதா என்று தெரியாமல் திரையை வெறித்துக்கொண்டிருக்க வேண்டும். பலரால் அதைத் தாங்க முடியவில்லை. ஆகவே கோடெக்கைத் திறந்து, உள்ளே ஒரு குட்டி ஸ்பீக்கரைச் சால்டர் வைக்கிறார்கள். இல்லாத தலை ஒவ்வொரு படி நகரும்போதும் மென்பொருள் அதில் ஒரு 'டக்' போடுகிறது.